கேம்பிரிட்ஜ் இணைய அகராதியின் 'எளிதில் குழப்பும் சொற்கள்' பகுதி: ஒரு மதிப்புரை

ஆங்கிலம்–தமிழ் அகராதி எதை எடுத்தாலும் 'சே' என்பதற்குச் 'சொல்' என்றும், 'டெல்' என்பதற்கும் 'சொல்' என்றும் பொருள் தரப்பட்டிருக்கும். இரண்டும் சரியான பொருள்கள்தாம். ஆனால் அந்தப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தால், இரண்டில் எதை எடுப்பது, எடுத்த பின் அதனருகே எந்தச் சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு அகராதியில் விடை இருக்காது. இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே அமைந்த ஓர் இலவசச் சேவையைப் பற்றி எழுத விரும்புகிறேன். கேம்பிரிட்ஜ் அகராதி இணையத்தளத்தில் இலக்கணத்துக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன் உட்பிரிவுகளில் ஒன்று 'எளிதில் குழப்பும் சொற்கள்' என்பது. பெரும்பாலான பக்கங்கள் 'இதுவா, அதுவா?' என்ற கேள்வி வடிவத் தலைப்பைத் தாங்கி அகர வரிசையில் நிற்கின்றன. படிப்பதற்குக் கட்டணமும் இல்லை, பதிவு செய்யவேண்டிய தேவையும் இல்லை.

இந்த இலக்கணப் பிரிவு, ரொனால்டு கார்ட்டர், மைக்கேல் மெக்கார்த்தி, ஜெரால்டின் மார்க், ஆன் ஓகீஃப் ஆகிய நால்வர் எழுதி 2011இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட இலக்கண நூலை அடிப்படையாகக் கொண்டது. கார்ட்டரும் மெக்கார்த்தியும் பேச்சு ஆங்கிலத்தை ஒலிப்பதிவு செய்து, 50 லட்சம் சொற்கள் கொண்ட தரவுத்தொகுதியாகத் திரட்டி ஆராய்ந்தவர்கள். மக்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள் என்று பார்த்து விதி சொல்லும் அந்தப் பழக்கம் இந்தப் பக்கங்களிலும் தெரிகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இத்தகைய சேவைகளுள் நான் முதலிடம் தருவது இதற்கே. காரணத்தை ஒரே தொடரில் சொல்வதானால், இது இரண்டு சொற்களின் பொருள் வேறுபாட்டோடு நின்றுவிடாமல், அவை வாக்கியத்தில் யாரை, எதைத் துணைக்கு அழைக்கின்றன என்பதையும் காட்டுகிறது. குழப்பத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முன்சொன்ன 'சே', 'டெல்' பக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். 'சே' என்பது ஒருவர் வாயிலிருந்து வந்த சொற்களின்மீது கவனம் வைப்பது, 'டெல்' என்பது சொல்லப்பட்ட செய்தியின்மீது கவனம் வைப்பது என்று பொருள் வேறுபாட்டை முதலில் சொல்லிவிட்டு, பக்கம் உடனே அமைப்புக்கு வருகிறது. 'டெல்' வந்தால், கேட்கும் ஆள் அதையடுத்து இடைச்சொல் எதுவும் இல்லாமல் நேராக வந்து அமரவேண்டும்: 'ஹி டோல்டு மீ'. 'சே' வந்தால் ஆளைச் சொல்லாமலே விடலாம். சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் நடுவில் 'டு' வேண்டும். ஆகவே 'ஹி செட் மீ' என்பதும் தவறு, 'ஹி டோல்டு டு மீ' என்பதும் தவறு. கதை, பொய், நகைச்சுவை போன்றவற்றைச் சொல்லும்போது 'டெல்'தான் வரும். அங்கே ஆள் இல்லாவிட்டாலும் குறையில்லை. இவ்வளவும் சில எடுத்துக்காட்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. சரியான வாக்கியத்தின் அருகிலேயே, 'இப்படி அன்று' என்ற குறிப்போடு தவறான வடிவத்தையும் வைத்திருப்பது இந்தப் பகுதியின் பெரும் பலம். நாம் எழுதக்கூடிய தவறு அச்சாக அங்கே நிற்பதைப் பார்க்கும்போதுதான் விதி மனத்தில் பதிகிறது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த முறை ஏன் கூடுதலாகப் பயன்படுகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். தமிழில் ஒரு பெயர் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை அந்தப் பெயரோடு ஒட்டிய வேற்றுமை உருபே சொல்லிவிடுகிறது. 'அவனிடம் சொன்னேன்', 'அவனுக்குச் சொன்னேன்', 'சொன்னேன் அவனிடம்' என்று எப்படி மாற்றி வைத்தாலும் பொருள் சிதைவதில்லை. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சொல் நிற்கும் இடமும் 'டு' போன்ற முன்னிடைச்சொல்லும் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்த வினைக்கு எது என்பது வினைக்கு வினை மாறுகிறது. 'எனக்கு விளக்குங்கள்' என்று நினைத்துக்கொண்டு எழுதுபவர் 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்று எழுதிவிடுவது இதனால்தான். 'எனக்குச் சொல்லுங்கள்' என்பது 'டெல் மீ' ஆவதுபோல இதுவும் ஆகும் என்று கருதிவிடுகிறோம். இரண்டு வினைகளுக்கும் தமிழில் ஒரே நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்திலோ ஒன்றுக்கு 'டு' வேண்டும், மற்றதற்குக் கூடாது. சொல்லின் பொருளை எவ்வளவு துல்லியமாக எழுதிவைத்தாலும் இந்தச் செய்தி அதில் அகப்படாது.

'ராப்', 'ஸ்டீல்' பக்கமும் இதே காரணத்தால் நன்றாக அமைந்திருக்கிறது. 'ராப்' என்ற வினைக்குச் செயப்படுபொருள் ஆளோ இடமோதான். 'ஸ்டீல்' என்பதற்கோ பறிபோன பொருள். வங்கி 'ராப்' செய்யப்படும், பணம் 'ஸ்டீல்' செய்யப்படும். தமிழில் 'வங்கியைக் கொள்ளையடித்தார்கள்' என்றும் சொல்கிறோம், 'பணத்தைக் கொள்ளையடித்தார்கள்' என்றும் சொல்கிறோம். ஒரே வினை இரண்டையும் ஏற்றுக்கொள்வதால், ஆங்கிலத்திலும் அப்படியே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. செயப்பாட்டு வினையாக மாற்றும்போதுதான் வேறுபாடு வெளிச்சத்துக்கு வருகிறது: 'ஐ வாஸ் ராப்டு' என்றால் என்னிடம் கொள்ளையடித்தார்கள் என்று பொருள், 'ஐ வாஸ் ஸ்டோலன்' என்றால் என்னையே திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஆகிவிடும்.

'லெண்ட்', 'பாரோ' இரண்டும் நமக்கு அவ்வளவு தொல்லை தருபவை அல்ல. 'கடன் கொடு', 'கடன் வாங்கு' என்று தமிழிலேயே திசை பிரிந்திருக்கிறது. எளிமையாகவும் சுருக்கமாகவும் அந்தப் பக்கம் முடிந்துவிடுவது சரியே.

எல்லாவற்றிலும் நான் அதிகம் மதிப்பது 'லே', 'லை' பற்றிய பக்கத்தை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தடுமாறும் இடம் இது. 'லை' என்றால் கிடத்தல், படுத்தல். அதற்குச் செயப்படுபொருள் இல்லை. 'லே' என்றால் கிடத்துதல், வைத்தல். செயப்படுபொருள் இல்லாமல் அது நிற்காது. இதுவரை தெளிவுதான். சிக்கல் இறந்த காலத்தில் தொடங்குகிறது: 'லை' என்பதன் இறந்த கால வடிவம் 'லே'. அதாவது கிடத்துதல் என்ற வினையின் நிகழ்கால வடிவமும், கிடத்தல் என்ற வினையின் இறந்த கால வடிவமும் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றே. 'லை, லே, லெயின்' என்பது ஒரு வரிசை. 'லே, லெய்டு, லெய்டு' என்பது இன்னொரு வரிசை. இவற்றோடு, பொய் சொல்லுதல் என்ற பொருளில் 'லை, லைடு, லைடு' என்று மூன்றாவது வரிசையும் வந்து சேர்ந்துகொள்கிறது. மூன்றையும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்படி வைத்திருப்பதால், வடிவங்களை நெட்டுருப் போடாமலே வேறுபாடு பிடிபடுகிறது.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. தளம் அதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. பள்ளி இலக்கணத்தில் படித்த தன்வினை, பிறவினைப் பாகுபாடுதான் இது. உருண்டான், உருட்டினான்; திரும்பினான், திருப்பினான்; விழுந்தது, வீழ்த்தினான். தமிழில் இந்த மாற்றம் நூற்றுக்கணக்கான வினைகளில் ஒழுங்காக நடக்கிறது. ஆங்கிலத்தில் அது பழங்காலத்தில் இருந்து தேய்ந்துபோய், இன்று சில இணைகளில் மட்டுமே எஞ்சி நிற்கிறது: 'லை' – 'லே', 'ரைஸ்' – 'ரெய்ஸ்', 'சிட்' – 'செட்', மரம் விழுவதற்கு 'ஃபால்', மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு 'ஃபெல்'. இந்த நான்கையும் ஒரே குடும்பமாகப் பார்த்துவிட்டால், 'ரைஸ்', 'ரெய்ஸ்' பக்கத்தைத் தனியாகப் படிக்கவேண்டிய தேவையே ஏறக்குறைய இல்லாமல் போகிறது: எழுந்தால் 'ரைஸ்', எழுப்பினால் 'ரெய்ஸ்'. தளமோ 'லே', 'லை' பக்கத்தையும் 'ரைஸ்', 'ரெய்ஸ்' பக்கத்தையும் தனித்தனிச் சோடிகளாக, அகர வரிசையில் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் வைத்திருக்கிறது. ஒரே நோயின் அறிகுறிகளை வெவ்வேறு அறைகளில் பரிசோதிப்பதைப் போன்றது இது. பக்கங்களுக்கிடையே குடும்ப உறவைக் காட்டும் ஒரு சிறு குறிப்பாவது இருந்திருக்கலாம் என்பது என் முதல் குறை.

'ஃபார்', 'சின்ஸ்' பக்கத்தில் விதி குறைவில்லாமல் சொல்லப்பட்டிருக்கிறது. காலத்தின் நீளத்தைச் சொன்னால் 'ஃபார்', தொடங்கிய புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ்'. ஆனால் நமக்கு இதில் உள்ள சிக்கல் வேறு. 'பத்து ஆண்டுகளாக', '2015இலிருந்து' என்று நீளத்தையும் தொடக்கத்தையும் தமிழ் தெளிவாகவே பிரித்துக் காட்டுகிறது. வினைதான் நம்மைச் சிக்கவைக்கிறது. 'பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் நிகழ்காலத்தில் சொல்ல விடாது. 'ஐ ஹேவ் லிவ்டு' என்றோ 'ஐ ஹேவ் பீன் லிவிங்' என்றோ முன்பே தொடங்கி இன்றுவரை தொடரும் வடிவத்தை அது கேட்கும். வினையை 'ஐ ஆம் லிவிங்' என்று வைத்துவிட்டு, 'ஃபார்' போடுவதா 'சின்ஸ்' போடுவதா என்று எவ்வளவு நேரம் யோசித்தாலும் வாக்கியம் சரியாகாது. பக்கத்தில் எடுத்துக்காட்டுகள் சரியான காலத்தில் இருக்கின்றன என்றாலும், அந்த இரண்டு சிறு சொற்களின் குழப்பத்தைக் காட்டிலும் வினையின் காலமே பலருக்குப் பெரிய தடை என்பதை அது போதுமான அளவு அழுத்திச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. இதைப் படிப்பவர்கள் எடுத்துக்காட்டுகளில் வினையின் மீதும் ஒரு கண் வைத்துப் படிப்பது நல்லது.

'கம்', 'கோ' பற்றிய பக்கமும், 'பிரிங்', 'டேக்', 'ஃபெட்ச்' பற்றிய பக்கமும் தமிழருக்கு எதிர்பாராத மகிழ்ச்சியைத் தரக்கூடியவை. பேசுபவர் இருக்கும் இடத்துக்கோ கேட்பவர் இருக்கும் இடத்துக்கோ நகர்ந்தால் 'கம்'. வேறிடத்துக்கு நகர்ந்தால் 'கோ'. பொருளையும் உடன் எடுத்துக்கொண்டு நகர்ந்தால் முறையே 'பிரிங்', 'டேக்'. இதைப் படித்தவுடன் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்னும் இயல் நினைவுக்கு வருகிறது. செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கில், தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று அங்கே பாகுபடுத்தப்பட்டிருக்கிறது. பேசுபவரையும் கேட்பவரையும் ஒரு பக்கம் வைத்து, மற்றவரை மறுபக்கம் வைக்கும் அதே பார்வை. ஒத்த பொருளுடைய சொற்களை அவை பயிலும் இடத்தைக் கொண்டு பிரிப்பது நம் இலக்கண மரபுக்குப் புதிதன்று என்பதை இங்கே சொல்லிவைப்பது பொருந்தும். 'ஈ', 'தா', 'கொடு' மூன்றும் யார் யாரிடம் கேட்கும்போது வரவேண்டும் என்றுகூடத் தொல்காப்பியர் எழுதிவைத்திருக்கிறார். 'ஃபெட்ச்' மட்டும் சற்றுத் தனி: போய், எடுத்து, திரும்பி வருதல் என்னும் மூன்று செயல்களை ஒரே சொல்லில் அடக்கியது. 'போய் எடுத்துவா' என்று வினைகளைக் கோத்துச் சொல்லும் நமக்கு அதன் பொருள் உடனே விளங்கிவிடும்.

பயன்பாடும் விதியும் மோதும் இடங்களில் இந்தப் பகுதி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது ஒரு நல்ல சோதனை. 'லெஸ்', 'ஃப்யூவர்' இணை அதற்கேற்றது. எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃப்யூவர்', எண்ண முடியாதவற்றுக்கு 'லெஸ்' என்பது கற்பிக்கப்படும் விதி. பேச்சில் பலர் எண்ணக்கூடியவற்றுக்கும் 'லெஸ்' பயன்படுத்துகிறார்கள். தேர்வுக்கும் அலுவல் கடிதத்துக்கும் விதியைப் பின்பற்றுவதே பாதுகாப்பு. எனினும் விதிக்குப் பின்னால் உள்ள வரலாறு தெரிந்தால் அதைப் பதற்றமில்லாமல் கையாளலாம். எண்ணக்கூடியவற்றுக்கு 'லெஸ்' பயன்படுத்தும் வழக்கம் 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னர் காலத்து எழுத்திலேயே காணப்படுகிறது. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர், 'ஃப்யூவர்' தமக்கு நேர்த்தியாகத் தோன்றுகிறது என்று தம் விருப்பமாகத்தான் எழுதினார். பின்வந்தவர்கள் அந்த விருப்பத்தை விதியாக்கினார்கள். இப்போதும் தொலைவு, பணம், நேரம் ஆகியவற்றில் எண் வந்தாலும் 'லெஸ் தேன்' என்பதே இயல்பு. பத்து மைலைப் பத்துத் தனித்தனிப் பொருள்களாக யாரும் எண்ணுவதில்லை, ஒரே அளவாகத்தான் கொள்கிறார்கள். இத்தகைய வரலாற்றை விரும்புவோர் அமெரிக்க அகராதியான மெரியம்-வெப்ஸ்டர் தளத்தின் பயன்பாட்டுக் குறிப்புகளைப் படிக்கவேண்டும். அங்கே அது தாராளமாகக் கிடைக்கிறது. கேம்பிரிட்ஜ் பகுதி வரலாற்றுக்குள் போவதில்லை. கற்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதால் அதைக் குறையாக நான் கருதவில்லை.

'பிட்வீன்', 'அமங்' இணையைப் பற்றி ஒரு சொல். இரண்டு என்றால் 'பிட்வீன்', இரண்டுக்கு மேல் என்றால் 'அமங்' என்று பலர் மனப்பாடம் செய்திருக்கிறோம். அது அரைகுறையான விதி. தனித்தனியே பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டக்கூடியவை மூன்றோ நான்கோ இருந்தாலும் அவற்றுக்கிடையே 'பிட்வீன்' வரலாம்: மூன்று நாடுகளுக்கிடையே உடன்படிக்கை என்றால் 'பிட்வீன்'தான். கூட்டமாக, பிரித்தறியாமல் நோக்கும்போதே 'அமங்' வருகிறது. எண்ணிக்கையை விட்டுவிட்டு நோக்கும் விதத்தைப் பார்த்தால் இந்தக் குழப்பம் நீங்கிவிடும்.

மற்றச் சேவைகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் மதிப்புரை முழுமையாகாது. ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடைய உடனாசிரியர்களும் தொகுத்து, முதலில் 1942இல் ஜப்பானிலும் பின்னர் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வழியாகவும் வெளிவந்த, ஆங்கிலம் கற்பவர்களுக்கான கற்போர் அகராதி இந்தத் துறைக்கு வழிவகுத்தது; வினைகள் ஏற்கும் வாக்கிய அமைப்புகளை அகராதிக்குள் கொண்டுவந்தது அதன் சாதனை. அந்த மரபில் வந்த இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் தளத்தில், குழப்பும் சொற்களுக்கான விளக்கம் அந்தந்தச் சொல்லின் பதிவுக்குள்ளேயே 'எந்தச் சொல்?' என்ற சிறு பெட்டியாக வருகிறது. ஒரு சொல்லைத் தேடிச் செல்பவரின் கண்ணில் அதன் இணைச்சொல்லும் தானாகவே படும் என்பது அதன் சிறப்பு. 1987இல் ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவான கோபில்டு அகராதி இன்னொரு வழியைத் தேர்ந்தது: பொருளையே முழு வாக்கியமாக எழுதிவிட்டது. சொல் எந்தத் துணையோடு வரும் என்பது பொருள் விளக்கத்துக்குள்ளேயே தெரிந்துவிடும் என்பதால், அந்த முறையின்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஆயினும் இரண்டு சொற்களை எதிரெதிரே நிறுத்தி, தவறான வடிவத்தையும் காட்டி விளக்குவதில் கேம்பிரிட்ஜ் பகுதியின் விரிவு மற்ற இரண்டிலும் இல்லை.

குறைகளில் முக்கியமானது இதுதான்: எந்த இரண்டு சொற்கள் தமக்குக் குழப்பம் என்பதை வாசகர் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். 'டோல்டு டு மீ' என்று எழுதுபவருக்குத் தாம் தவறு செய்கிறோம் என்ற ஐயமே எழாது. ஐயமில்லாதவர் பட்டியலைத் திறந்து பார்ப்பதும் இல்லை. விளக்கம் முழுவதும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு விளக்கமே சுமையாகலாம். சில பக்கங்கள் அவசரமாக முடிந்துவிடுகின்றன. உச்சரிப்பு நெருக்கத்தால் மட்டும் குழம்பும் சொற்களும், இலக்கண அமைப்பால் குழம்பும் சொற்களும் ஒரே பட்டியலில் கலந்திருக்கின்றன. முன்னதற்கு எழுத்துக்கூட்டு நினைவிருந்தால் போதும், பின்னதற்குப் பயிற்சி வேண்டும். இலவசத் தளம் என்பதால் விளம்பரங்கள் உண்டு. சிறு திரையில் படிக்கும்போது அவை விளக்கத்துக்கும் எடுத்துக்காட்டுக்கும் நடுவில் வந்து கவனத்தைக் கலைக்கக்கூடும்.

ஓரளவு ஆங்கிலம் எழுதப் பழகி, அலுவல் கடிதமோ கட்டுரையோ எழுதும்போது ஒரே மாதிரியான திருத்தங்களைத் திரும்பத் திரும்பப் பெறுபவர்களுக்கு இந்தப் பகுதியை உறுதியாகப் பரிந்துரைப்பேன். ஆசிரியர்களுக்கு இது இன்னும் பயன்படும். வகுப்பில் எழுதிப்போடத் தக்க எடுத்துக்காட்டுகள் தயாராகக் கிடைக்கின்றன. பட்டியலை முதலிலிருந்து வரிசையாகப் படிக்கவேண்டாம். தமிழில் ஒரே சொல்லாலோ ஒரே அடிச்சொல்லாலோ நாம் ஆளும் இணைகளை மட்டும் முதலில் பொறுக்கி எடுங்கள்: 'சே' – 'டெல்', 'ராப்' – 'ஸ்டீல்', நினைவுகூர்தலுக்கும் நினைவூட்டுதலுக்குமான 'ரிமெம்பர்' – 'ரிமைண்ட்'. ஒவ்வொரு பக்கத்திலும் பொருள் விளக்கத்துக்கு முன்பாகத் தவறென்று காட்டப்பட்ட வாக்கியங்களைப் படித்து, அவை ஏன் தவறு என்று நீங்களே சொல்லிப் பார்த்த பிறகு விளக்கத்துக்குச் செல்லுங்கள்.